வரிக்கு வரி ஒரு விரல் இடம்

மூன்று வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், உங்கள் பங்குக் கோயிலிலிருந்து எனக்கு போன் வந்தது. பேசியவர் கோயில் செயலாளர்.

"ஏனுங்க, அந்தப் பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் இன்னொரு நூறு வேணுமுங்க. பழசெல்லாம் அட்டை கிழிஞ்சு தாள் தாளா வந்துருச்சு. அந்த ஃபைலு உங்ககிட்ட இருக்குங்களா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து உன் ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். அதன் மேல் நீ ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது, உன் பெயர் மட்டும் பாதி அழிந்திருந்தது. உன்னுடைய பொருளில் அலுவலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். ஒன்றரை வருடமாக நான் அதைத் தொடவில்லை.

கோப்பைத் திறந்ததும் பாட்டு வரவில்லை. நீதான் வந்தாய். நாம் பயன்படுத்தும் மென்பொருளில், சதவீதக் குறி போட்டு அதன் பின்னால் என்ன எழுதினாலும் அச்சில் வராது. எல்லோரும் அங்கே தேதியோ பதிப்பு எண்ணோ எழுதி வைப்பார்கள். நீ பேசி வைத்திருந்தாய்.

"பல்லவிக்கு அப்பறம் மூச்சு விட எடம் வேணும்."

"இந்த வரியை இங்க ஒடைக்கக் கூடாது. பாதியில நின்னுருவாங்க."

அதற்கும் கீழே, வரி இடைவெளியின் எண் இருக்கும் இடத்தில்: "சுமதி, இந்த நம்பரைத் தொட்டே, கைய ஒடிச்சுப்போடுவேன்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு திரை தெரியவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அதற்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. நீயும் நானும் ஒரே வாரத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். வெளிநாட்டுக் கணித இதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை. அந்தக் கட்டுரைகளில் ஒன்றுகூட நமக்குப் புரிந்ததில்லை. ஆனால் ஒரு குறிக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்க வேண்டும், ஒரு சமன்பாட்டுக்கு மேலும் கீழும் எவ்வளவு காற்று வேண்டும் என்பதில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. நான் பக்கம் போடுவேன், நீ பிழை பார்ப்பாய். பிரிண்டரிலிருந்து சூடாக வரும் தாளை எடுத்து முதலில் தலைகீழாகப் பிடிப்பாய். தலைகீழாகப் பிடித்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, வெள்ளை மட்டும்தான் தெரியும் என்பாய். சொற்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து பக்கத்தில் மேலிருந்து கீழே கோடாக இறங்கியிருந்தால், சிவப்புப் பேனாவால் அதன் வழியே நெளிநெளியாக ஒரு கோடு இழுப்பாய்.

"நொய்யல் ஆத்துலயே தண்ணியில்ல, உம் பக்கத்துல மட்டும் எப்படிப் புள்ள இப்படி ஓடுது?"

எனக்குக் கோபம் வரும். மறுக்கா உட்கார்ந்து சரிசெய்வேன். மத்தியானம் உன் டப்பாவிலிருந்து அரிசிம்பருப்புச் சோற்றை என் டப்பா மூடியில் வைப்பாய். கோபம் அதோடு போய்விடும்.

உன் அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்ததும் கோவைக்கு வந்தார்கள். அப்பா காலமான பிறகு அம்மா, நாற்பது வயதைத் தாண்டி, கோயிலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சாயங்கால வகுப்பில் படிக்கக் கற்றுக்கொண்டார். அவர் படிக்கும் விதத்தை முதல்தடவை பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆட்காட்டி விரலை வரியின் அடியில் வைத்து, விரலை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, சேர்ந்த சொல்லைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடும் பெண்களில் பாதிப்பேர் அந்த வகுப்பில் படித்தவர்கள்தான். அவர்கள் அடியெடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பாடுவார்கள். உன் அம்மா அவர்களுக்கெல்லாம் குரல்.

அந்த வரிசைக்காகத்தான் பங்குச் சாமியார் பெரிய எழுத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் கேட்டார். நீ ஒரு மாதம் அதைத் தட்டச்சு செய்தாய். தாள் ஏற்கெனவே ஒருவர் நன்கொடையாகக் கொடுத்துவிட்டார், அது தொண்ணூற்றாறு பக்கத்துக்குத்தான் வரும். உன் புத்தகமோ நூற்றெட்டில் வந்து நின்றது. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாளில் உனக்கு மேட்டுப்பாளையத்தில் சித்தி மகள் கல்யாணம்.

கிளம்பும்போது என் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "சாமிகிட்டக் கேட்டு ஒரு பன்னெண்டு பாட்டை எடுத்துப்போடு. எது வேண்டாமோ அவரு சொல்லுவாரு. இடைவெளியத் தொட்டுப்போடாதே. அம்மா வெரல் வெக்கோணும்."

சரி என்றேன். சாமியாருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நான் செய்யவில்லை. அச்சகத்திலிருந்து ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். கோப்பின் தலையில் இருந்த வரி இடைவெளி எண்ணைக் குறைத்தேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பாதியாக்கினேன். சொற்களையும் கொஞ்சம் இறுக்கினேன். தொண்ணூற்றாறாவது பக்கத்தின் கடைசி வரியில் கடைசிப் பாட்டு கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கல்யாண மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவிலிருந்து நீ போனில் கேட்டாய். "என்னாச்சு புள்ள, பாட்டை எடுத்தியா?"

"அதெல்லாம் செஞ்சுபோட்டேன்" என்றேன்.

பங்குத் திருவிழாவன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கோயிலுக்குள் எங்கே செருப்பை விடுவது, எப்போது எழுந்து நிற்பது என்று எதுவும் தெரியாமல் உன் சேலையைப் பார்த்துப் பார்த்து நான் எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருந்தேன். புதுப் புத்தகத்தை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். முதல் பாட்டின் பல்லவி எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் நன்றாகப் போயிற்று. இரண்டாவது சரணத்தில்தான் தடுக்கியது. முன்வரிசையில் ஒருவர் மூன்றாவது வரியைப் பாடினார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நாலாவது வரியைப் பாடினார். இன்னொருவர் பாடிய வரியையே திரும்பப் பாடினார். பின்னால் இருந்த கூட்டம் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் முனகியது. கொஞ்ச நேரத்தில் ஆர்மோனியப் பெட்டி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். விரலை வரியில் வைத்திருந்தார். அவர் விரல் அடுத்த வரியை முழுதாக மூடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பூசை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் சாமியார் உன்னைக் கூப்பிட்டார். "என்னம்மா, எழுத்து பெருசாத்தான் இருக்குது. ஆனா யாருக்கும் படிக்க வரலியே?"

நீ புத்தகத்தைத் திறந்து ஒரே ஒரு பக்கம் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"என் தப்புங்க சாமி" என்றாய். "பக்கம் பத்தலைன்னு நாந்தான் வரிய நெருக்கிப்போட்டேன்."

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. முன்வரிசைப் பெண்கள் நாலைந்து பேர் உன்னைச் சுற்றி வந்து, "பரவால்ல கண்ணு, எங்களுக்குத்தான் கண்ணு செரியில்ல" என்று தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். உக்கடம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நீ கொறச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. அவசரத்துல யாரும் செய்யறதுதான். செய்யாததச் செஞ்சுபோட்டேன்னு சொன்னே பாரு, அதுதான் தாங்கல."

அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கு வரச் சொன்னாய். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தேன். நீயோ ஒரே பாட்டை ஆறு விதமான இடைவெளியில் அச்செடுத்து, கூடத்தில் பாயின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாய். நடுவில் உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி.

நான் அவர் எதிரில் உட்கார்ந்து முதலில் அதைச் சொன்னேன். "அம்மா, புத்தகத்தைக் கெடுத்தது நானுங்க. இவ இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியுங் கண்ணு" என்றார் உன் அம்மா. "இவ பொய் சொன்னா மூக்கச் சொறிவா. சாமிகிட்டச் சொல்லும்போது மூக்கையே பிச்சு எடுத்துட்டா."

நீ கையை மூக்கிலிருந்து சட்டென்று எடுத்தாய். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்று மத்தியானம் முழுக்க உன் அம்மா படித்தார், நாம் அவர் விரலைப் பார்த்தோம். வெங்காயத் தோட்டத்திலும் தேங்காய்க் களத்திலும் இருந்த விரல். நுனி தட்டையாக, பக்கவாட்டில் வெடித்து, நம் விரலைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். மூன்றாவது தாள்தான் நீ முதலில் வைத்திருந்த அளவு. அதிலும் விரல் கீழ்வரியின் தலையைத் தொட்டது. 'கீ'யின் மேற்சுழி பாதி மறைந்தது.

"நீயும் தப்பாத்தான் வெச்சிருந்தே" என்றேன்.

"ஆமா புள்ள" என்று ஒப்புக்கொண்டாய். "ஊட்டுலயே வெரல வெச்சுக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்து நெனப்புல அளந்திருக்கறேன்."

ஐந்தாவது தாளில் விரல் இரண்டு வரிக்கும் நடுவில் சரியாகப் போய் நின்றது. உன் அம்மா தடங்கல் இல்லாமல் நாலு வரி படித்தார். ஐந்தாவது வரியில் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். ஏன் என்று கேட்டோம்.

"இங்க முடிஞ்சுதுன்னு நெனச்சேன் கண்ணு. எடம் உட்டிருக்குதே?"

இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்பதற்காக மென்பொருள் அந்த வரியில் சொற்களை விலக்கி வைத்திருந்தது. நடுவில் இருந்த வெள்ளையைப் பார்த்து வரி முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். பதினோரு வருடமாக இரண்டு ஓரமும் கத்தரித்தது மாதிரி இருந்தால்தான் நல்ல பக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நீ மடிக்கணினியை இழுத்து, வலது ஓரத்தை அவிழ்த்துவிட்டாய். வரிகள் நீளமும் குட்டையுமாக முடிந்தன. அப்புறம் உன் அம்மாவைப் பாடச் சொல்லி, அவர் எங்கெங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கங்கே வரியை முடித்தாய்.

அதோடு புத்தகம் நூற்றிருபது பக்கத்தைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை சாமியாரிடம் நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அச்சான புத்தகங்களை இளைஞர் குழுவுக்குக் கொடுத்துவிடலாம், அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்றார். புதுசுக்குத் தாள் ஏற்பாடு செய்கிறேன், ஆனால் அதே அளவுதான் என்றார். எந்தப் பாட்டை எடுப்பது என்பதை முன்வரிசைப் பெண்களிடமே விட்டுவிட்டோம். ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கிய சண்டை மத்தியானச் சாப்பாடு வரை போயிற்று. தன் கல்யாணத்தில் பாடிய பாட்டை எடுக்கக் கூடாது என்று ஒரு அம்மா எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டார். நீ ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாய். அந்தப் பாட்டு இன்னும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பூசையில் உன் அம்மா பாடினார். முழுப் பாட்டையும். நீ புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நாலு வருடம் நாம் சேர்ந்து வேலை செய்தோம். பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. போகிறது, வருகிறது என்று இருந்து, கடைசியில் இரத்தத்தில் கோளாறு என்று சொன்னார்கள். ஐந்து மாதம். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் நீ அலுவலகக் கதை கேட்பாய். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து, "இதப் பாரு புள்ள, எறும்பு ஊர்ற மாதிரி நெருக்கி வெச்சிருக்கறான். நோயாளி படிக்கக் கூடாதுன்னே செஞ்சிருப்பானாட்ட இருக்குது" என்பாய். நான் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாய் என்று தெரிந்தே சிரிப்பேன்.

கடைசிக்கு முந்தின வாரம், என் கையை மெதுவாகத் தட்டிச் சொன்னாய். "அம்மாவப் பாத்துக்கோன்னு சொல்ல மாட்டேன். அண்ணன் இருக்கறான், பாத்துக்குவான். நீ ஞாயித்துக்கெழமை மட்டும் ஒரு எட்டு போய்ட்டு வா. அது போதும்."

"போறேன்" என்றேன்.

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "செரி" என்றாய். சத்தியம் கேட்கவில்லை. ஒருமுறை உன்னிடம் செய்யாததைச் செய்ததாகச் சொன்னவள் நான் என்பது உனக்கு அப்போது ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது.

நீ போன பிறகு, முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். அதற்கப்புறம் நான் போகவில்லை.

இதுதான் நான் சொல்ல வேண்டியது. ஒன்றரை வருடத்தில் ஒரு ஞாயிறுகூடப் போகவில்லை. முதல் சில வாரம் உன் தெரு முனைவரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். பிறகு வீட்டில் வேலை, பிள்ளைகளின் பரீட்சை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நாளாக ஆக, இத்தனை நாள் போகாததே போகாமலிருக்கக் காரணமாகிவிட்டது. அந்த வியாழக்கிழமை உன் வரிகளைப் படித்த பிறகுதான் என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் அம்மாவே திறந்தார். மெலிந்திருந்தார். வெளிச்சத்துக்கு எதிரே நின்றிருந்த என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. "நாஞ் சுமதிங்கம்மா" என்றேன்.

"ஏங்கண்ணு, இத்தன நாளா?"

நினைத்து வைத்திருந்த காரணத்தையெல்லாம் விட்டுவிட்டேன். "வாரேன்னு அவகிட்டச் சொல்லிட்டு வராம இருந்துட்டேனுங்க. உங்களப் பாக்கப் பயமா இருந்துதுங்கம்மா."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "எனக்கும்தாங் கண்ணு. உன்னப் பாத்தா அவ நெனப்பு வந்துருமேன்னு நானும் போனு பண்ணல. அவ அண்ணன் எத்தனையோ தடவை நம்பரப் போட்டுக் குடுத்தான். வேண்டாண்டான்னுட்டேன்." கண்ணைச் சேலையில் ஒற்றிக்கொண்டார். "செரி, உள்ள வா. காப்பி வெக்கறேன்."

நான் போகும்போது பாட்டுகளை மூன்று இடைவெளி அளவில் அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். வயது கூடியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். உன் அம்மா ஒவ்வொன்றாக முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணில் அறுவை செய்தும் சரியாக வரவில்லையாம்.

"எல்லாம் ஒண்ணாட்டத்தாந் தெரியுது கண்ணு. வெள்ளையா இருக்குது. எனக்காக நீ அளவ மாத்த வேண்டாம். மத்தவங்களுக்கு அவ வெச்சதே செரியா இருக்கும், அப்படியே அடிக்கச் சொல்லு." தாளை என்னிடம் நீட்டிக் கேட்டார். "நீ படிக்கறியா? நான் பாடறேன்."

எனக்குப் பாட வராது. சாமி கும்பிடுவதும் வேறு இடத்தில். ஆனால் படிக்க வரும். நான் ஒரு வரி படித்தேன், அவர் பாடினார். அடுத்த வரியைச் சீக்கிரம் படித்துவிட்டேன். "அவசரப்படாதே கண்ணு, மூச்சு வாங்கிக்கறேன்" என்றார். நிறுத்தினேன். குரல் முன்பு போல ஓங்கி வரவில்லை, ஆனால் சுருதி விலகவில்லை. மூன்று பாட்டு முடித்தோம். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அடுத்த வாரம்?" என்று மட்டும் கேட்டார்.

"வாரேனுங்கம்மா."

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உன் எண்ணை நான் தொடவில்லை. போன வாரமும் போனேன். நீ இருந்தபோது யாரும் பாடாத பாட்டுகளைக்கூட இப்போது பாடிப் பார்க்கிறோம். தெரியாத மெட்டுக்கு அவரே ஒரு மெட்டுப் போட்டுக்கொள்கிறார். எந்த வரிக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு இப்போது பிடிபட்டுவிட்டது.

முன்பெல்லாம் "செஞ்சாச்சா?" என்று யார் கேட்டாலும் "ஆச்சு" என்றுதான் என் வாயில் முதலில் வரும். இப்போது அலுவலகத்தில் யாராவது கேட்டால், ஒரு நொடி நின்று, ஆகவில்லை என்றால் "இன்னும் இல்லைங்க" என்கிறேன். அதற்காகத் திட்டும் வாங்குகிறேன். பரவாயில்லை.

இன்று ஞாயிறு. மணி இரண்டாகிவிட்டது. டவுன் பஸ் மத்தியானத்தில் நேரத்துக்கு வராது என்று உனக்குத் தெரியும். இப்போதே கிளம்பினால்தான் மூன்று மணிக்குப் போய்ச் சேர முடியும். உன் அம்மாவிடம் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.